மண்வெட்டி எடுக்க முடியாத மாதங்கள்: பழைய பேருந்துப் பணிமனையை ஊரார் மீட்டபோது தன்னார்வலர்களை ஒருங்கிணைத்த விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நடுத்தர அளவிலான ஒரு நகரத்தின் மையத்தில், ஏறத்தாழ 4 ஏக்கரில் ஒரு பேருந்துப் பணிமனை இருந்தது. ஊருக்கு வெளியே புதிய பணிமனை வந்ததும் இதைப் பூட்டிவிட்டார்கள். பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகள் உடைந்து தொங்கின. வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழிகளில் மழைநீர் தேங்கியது. சுற்றுச்சுவரை ஒட்டித் தெருவோர வியாபாரிகள் கடை போட்டிருந்தார்கள்.

இடம் நகர நிர்வாகத்துக்குச் சொந்தம். மொத்தமாக ஒரே நிறுவனத்துக்கு விற்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, சுற்றுத் தெருக்களின் குடியிருப்போர் சங்கங்கள் சேர்ந்து மனு கொடுத்தன. ஊருக்குப் பயன்படும்படி நாங்களே ஒரு திட்டம் கொண்டுவருகிறோம், அவகாசம் கொடுங்கள் என்பது கோரிக்கை. நிர்வாகம் 18 மாதம் கொடுத்தது. நிபந்தனைகள் இரண்டு. மண்ணும் கட்டடமும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தகுதியுள்ள நிபுணர்களின் அறிக்கை வேண்டும். ஊரின் எல்லாத் தரப்பினரிடமும் கருத்துக் கேட்டதற்கான ஆதாரம் வேண்டும். மண் பரிசோதனைச் செலவை நிர்வாகமே ஏற்றுக்கொண்டது.

ஒருங்கிணைப்புக் குழுவில் பதிவேடுகளையும் கூட்டக் குறிப்புகளையும் கவனித்து வந்தேன். வரைபடம், நிதி, குத்தகைப் பேச்சு பற்றியெல்லாம் இங்கே விரிவாகப் பேசப்போவதில்லை. தன்னார்வலர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதேபோன்ற இடத்தைக் கையில் எடுக்கும் குழுக்கள் எங்களிடம் முதலில் கேட்பது ‘ஆள் எப்படிச் சேர்த்தீர்கள்?’ என்றுதான். ஆள் சேர்ப்பது எங்களுக்குச் சிரமமாக இருக்கவில்லை. சேர்ந்தவர்கள் நிலத்துக்குள் கால்வைக்கவே கூடாத நீண்ட காலம் ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்தில் அவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்பதுதான் சிரமம்.

அந்தக் காலம் எவ்வளவு நீளும் என்பதற்கு மற்ற ஊர்களின் கணக்கைப் பார்த்தாலே போதும். நியூயார்க்கில் கைவிடப்பட்ட உயர்மட்ட ரயில்பாதை ஒன்றைப் பூங்காவாக்க அப்பகுதிவாசிகள் இருவர் அமைப்பு தொடங்கியது 1999இல். இன்று ஹை லைன் என்று அறியப்படும் அந்தப் பூங்காவின் முதல் பகுதி திறந்தது 2009இல். லண்டனில் தேம்ஸ் தென்கரையின் காயின் ஸ்ட்ரீட் நிலத்துக்காகக் குடியிருப்பாளர்கள் போராடத் தொடங்கியது 1977இல். நிலம் அவர்கள் கைக்கு வந்தது 1984இல். எங்களுக்குக் கிடைத்த 18 மாதம் இவற்றின் முன் சின்னது. ஆனாலும் அதில் முக்கால்வாசிக்கு மேல் காத்திருப்பிலேயே கழிந்தது.

தொடக்கம்: நிரம்பி வழிந்த பெயர்ப்பட்டியல்

முதல் பொதுக்கூட்டத்துக்கு அரங்கம் கொள்ளாத அளவுக்கு மக்கள் வந்தார்கள். வாசலில் வைத்த படிவத்தில் பெயர், தெரு, கைப்பேசி எண், அதற்குக் கீழே ‘எந்த வேலைக்கும் தயார்’ என்று ஒரு கட்டம். இருநூறு பேருக்கு மேல் அதில் டிக் போட்டார்கள். அன்றிரவே எல்லோரையும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வளாகத்தைச் சுத்தம் செய்யலாம் என்று முடிவானது. நிர்வாகம் சாவியைக் கொடுத்தது. மண்வெட்டியும் அரிவாளும் கையுறையுமாகப் பெரிய கூட்டமே வந்தது. ஒரு மணி நேரத்தில் புதர் பாதி போய்விட்டது. அந்த உற்சாகத்தில் சில இளைஞர்கள் தொங்கிக்கொண்டிருந்த கூரை ஷீட்டை இழுத்துப்போட்டு, தூக்கிப்போக வசதியாகக் காலால் மிதித்து உடைக்க ஆரம்பித்தார்கள். கூட்டத்தில் இருந்த ஒரு கட்டட மேற்பார்வையாளர் ஓடிவந்து, “விடுங்கப்பா, உடைக்காதீங்க, அது ஆஸ்பெஸ்டாஸ்!” என்று கத்தினார். அதோடு வேலை நின்றது.

முதல் முடிவு: கேட்டைப் பூட்டுவது

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் முழுதாக இருக்கும்வரை பெரிய தொந்தரவு இல்லை. உடைத்தால், அறுத்தால், தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கிவிடும். நோய் தலைகாட்டப் பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும். அன்று உடைத்தவர்களுக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆபத்து கண்முன்னால் இல்லாததால்தான் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. இதுபோக, டீசல் நிரப்பிய பழைய நிலத்தடித் தொட்டிகள் எங்கே இருக்கின்றன என்றும் எங்களுக்குத் தெரியாது. தொட்டி காலியாக இருந்தாலும் உள்ளே தங்கிய ஆவி தீப்பற்றலாம், வெடிக்கலாம்.

அன்று மாலை குழு கூடியது. கொட்டகைப் பக்கம் போகாமல் முன்புறத்தை மட்டும் சுத்தம் செய்யலாமே என்பது ஒரு யோசனை. நல்ல எண்ணத்தோடு சொன்னதுதான். ஆனால் மண்ணில் எங்கே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எந்தப் பக்கம் பாதுகாப்பு என்று யார் சொல்வது? கோடு கிழித்தாலும் இத்தனை பேர் கூடும் நாளில் அதைக் காவல் காப்பது யார்? கடைசியில், நிபுணர் அறிக்கை வரும்வரை தன்னார்வலர் ஒருவரும் உள்ளே போவதில்லை என்று முடிவெடுத்தோம். ஷீட்டை உடைத்தவர்களின் பெயர்களைத் தனியாகக் குறித்துவைத்து, ஒரு மருத்துவரை அவர்களோடு பேச வைத்தோம். ஒருநாள் தொடர்பால் வரும் ஆபத்து, ஆண்டுக்கணக்கில் அதிலேயே வேலைசெய்தவர்களுக்கு வருவதைவிட மிகக் குறைவு என்று அவர் பொறுமையாக விளக்கினார்.

இந்த முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. ‘வேலை செய்யக் கூப்பிட்டுவிட்டு வெளியே நிறுத்துகிறார்கள்’ என்றார்கள். சிலர் குழுவிலிருந்தே விலகினார்கள். அவர்களை இழந்தாலும் பூட்டியது சரி என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

கவனித்தவை

அடுத்து வந்த வாரங்களில் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வாழ்த்துப் படங்கள் வந்தன, அப்புறம் அரசியல், அப்புறம் சண்டை. மூன்றாம் மாதம் கூப்பிட்ட கூட்டத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கே வந்தார்கள். ‘ஊருக்கு ஆர்வம் போய்விட்டது, கடைசியில் நாம் நாலு பேர்தான் இழுக்கணும்’ என்ற பேச்சு குழுவுக்குள்ளேயே கேட்க ஆரம்பித்தது.

அப்போதுதான் தன்னார்வலர் பொறுப்பு ஒரு செவிலியரிடம் போனது. மருத்துவமனை வார்டில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று அட்டவணை போடும் வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவர். அவர் பட்டியலை வாங்கி, வேறு இரண்டு பேரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் தனித்தனியாகப் போன் செய்தார். கேட்டது மூன்றே கேள்வி. எந்த நேரம் உங்களுக்கு உண்மையிலேயே ஓய்வு? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலை எது? எந்த வேலையை உங்களிடம் தரவே கூடாது?

மூன்றாவது கேள்விதான் வழிகாட்டியது. கணக்கில் கெட்டிக்காரர் ஒருவர், “பகலெல்லாம் அடுத்தவங்க கணக்குத்தான் பார்க்கிறேன், இங்கயும் அதைத் தராதீங்க, எதையாவது தூக்கிட்டுப் போற வேலை இருந்தா சொல்லுங்க” என்றார். இருட்டிய பிறகு வெளியே வர முடியாது என்று பல பெண்கள் சொன்னார்கள். எங்கள் கூட்டங்கள் எல்லாமே இரவு 8 மணிக்கு நடந்துகொண்டிருந்தன. முன்பின் தெரியாதவர்களிடம் பேச வராது, ஆனால் படம் வரைவேன் என்றார் ஒரு கல்லூரி மாணவர்.

இந்த அழைப்புகளில் வேறு இரண்டு விஷயங்களும் தெரிந்தன. ஆர்வம் போகவில்லை. “பேர் கொடுத்தேனே, யாரும் கூப்பிடலையே” என்பதே அதிகம் கேட்ட பதில். ‘விருப்பமுள்ளவர்கள் வரலாம்’ என்று குழுவில் போடும் செய்தியை அவரவர் அடுத்தவருக்கு வந்ததாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்தபோது தெரிந்தது இதைவிடக் கவலை தந்தது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருப்பவர்கள் சொற்பம். சுவரை ஒட்டிக் கடை போட்டிருந்த வியாபாரிகளில் ஒருவர்கூட இல்லை.

வேலையைத் துண்டுபோட்டது

‘எந்த வேலைக்கும் தயார்’ என்பது கேட்க இதமாக இருக்கும். ஒருங்கிணைப்பவருக்கு அதனால் பயன் இல்லை. செவிலியர் அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டு, வேலைகளைச் சீட்டுகளாக எழுதவைத்தார். ஒவ்வொரு சீட்டிலும் நான்கு வரிகள்: என்ன வேலை, எவ்வளவு நேரம், எதோடு முடியும், முடித்து யாரிடம் கொடுப்பது. ஒரு சீட்டை அப்படியே தருகிறேன்: ‘வடக்குச் சுவரோரம் காலை 7 முதல் 9 வரை எத்தனை பேர் நடந்துபோகிறார்கள் என்று எண்ணுவது. இரண்டு வேலைநாள், ஒரு விடுமுறை நாள். மூன்று தாள்களும் நிரம்பியதும் வேலை முடிந்தது. வரைபடக் குழுப் பொறுப்பாளரிடம் கொடுக்கவும்.’

‘எதோடு முடியும்’ என்ற வரி இல்லாத சீட்டை அவர் திருப்பி அனுப்பிவிடுவார். எங்கே முடியும் என்று தெரியாத வேலைக்கு நல்லவர்கள்கூடத் தயங்குவார்கள். ஏற்றுக்கொண்டவர்கள் பாதியில் விட்டுவிட்டு, அந்தக் கூச்சத்திலேயே நம் கண்ணில் படாமல் ஒதுங்கிவிடுவார்கள். முடிவு தெரிந்த வேலையை முடித்தவர் தானாக வந்து ‘அடுத்து என்ன?’ என்று கேட்பார். இப்படி வந்தவர்களில் சிலர்தான் பின்னால் குழுப் பொறுப்பாளர்கள் ஆனார்கள்.

பொறுப்பாளர்களை எப்போதும் இரண்டு பேராகவே போட்டோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரில் ஒருவர் மாற வேண்டும். வேலை தெரிந்தவர் ஒருவர் மிச்சம் இருப்பார்; எவரும் சுமை தாங்காமல் ஒடிந்துபோகவும் மாட்டார். வெகுநாள் உழைத்த ஒருவருக்கு இந்த மாற்றம் வருத்தம் தந்தது. நான் இல்லாமல் ஆகாது என்று அவர் நம்பினார். அவரை இழக்காமல் இருக்கச் செவிலியர் அவர் வீட்டுக்கே போய்ப் பேசினார். அவர் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவராகத் திரும்பி வந்தார்.

எந்த வேலையைத் தன்னார்வலருக்குத் தரக்கூடாது என்றும் ஒரு பட்டியல் போட்டோம். ஆஸ்பெஸ்டாஸ் அகற்றுவது, தொட்டி எடுப்பது, மின்சார வேலை ஆகியவற்றில் விவாதமே இல்லை. இரவுக் காவலில்தான் வாக்குவாதம் நடந்தது. ஆள் இருக்கிறார்களே, முறைவைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் சிலர். அது ஒருவருடைய பிழைப்பு. நாம் இலவசமாகச் செய்தால் சம்பளத்துக்குச் செய்பவரின் வேலை போய்விடும் என்ற வாதமே வென்றது. காவலாளியை நிர்வாகமே நியமிக்கட்டும் என்று கடிதம் கொடுத்தோம்.

ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள்

இந்தத் திட்டத்தில் தன்னார்வலர்கள் செய்த மிகப் பெரிய உதவி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

மண் பரிசோதனை எடுத்ததும் துளைபோட்டுத் தொடங்குவதில்லை. நிலத்தில் முன்பு என்ன நடந்தது என்று பழைய ஆவணங்களையும் அங்கே வேலை பார்த்தவர்களையும் விசாரித்து, எங்கெங்கே துளைபோடுவது என்று முதலில் முடிவுசெய்வார்கள். நிபுணர்கள் கையில் இருந்தது ஒரே ஒரு பழைய வரைபடம். செவிலியரின் அழைப்புகளில், ‘எனக்குத் தெரிந்த வேலை பஸ் ரிப்பேர்தான், அது இங்கே எதற்கு ஆகும்?’ என்று சொன்ன ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள் சிலர் இருந்தார்கள். அவர்களோடு இரண்டு மாணவர்களைச் சேர்த்து ஒரு நினைவுக் குழு போட்டோம்.

உள்ளே போகக்கூடாது என்பதால் பக்கத்துக் கட்டடத்தின் மொட்டைமாடியில் இருந்து பார்த்தார்கள். கைப்பிடிச் சுவரின் மேல் வரைபடத்தை விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்திருந்தார்கள். நானும் அன்று இருந்தேன்.

“தம்பி, இதுல வண்டி கழுவுற மேடை இங்க இருக்குன்னு போட்டிருக்கு பாருங்க. இது பின்னால கட்டுனது. பழசு அந்தத் தெற்குச் சுவர் பக்கம்.”

“பழைய ஆயிலை எல்லாம் எங்கய்யா ஊத்துவீங்க?”

“டிரம்ல பிடிச்சு வைப்போம், ஏலத்துக்குப் போயிரும்.” கொஞ்சம் நிறுத்தினார். “டிரம் நிறைஞ்சுட்டா, ஸ்டோர் ரூம் பின்னால ஒரு பள்ளம் இருந்துச்சு.”

“பேட்டரி ரூம் தண்ணி?”

“அது நேரா சாக்கடைக்குத்தான். அப்ப யாருக்குத் தெரியும்.”

அவர்களுக்கு ஒரு தயக்கம் இருந்தது. இதைச் சொன்னால் தங்கள் மேல் பழி வருமோ, பென்ஷனுக்கு ஏதாவது ஆகுமோ என்ற பயம். எனவே வரைபடத்தில் யார் பெயரும் வராது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். ஒருவர் சொன்னதைக் கேட்டு மற்றவர் தலையாட்டிவிடக் கூடாது என்பதால், மாடிக்கு வருவதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசிக் குறித்துக்கொண்டிருந்தோம். இருவரோ அதற்கு மேற்பட்டவர்களோ தனித்தனியாகச் சொன்ன இடத்துக்குச் சிவப்பு, ஒருவர் மட்டும் சொன்ன இடத்துக்கு மஞ்சள். அந்த வரைபடத்தை நிபுணர்கள் எடுத்துக்கொண்டு, துளைபோடும் இடங்களில் சிலவற்றை மாற்றினார்கள்.

வீடுவீடாகப் போனது

கருத்துக் கேட்பது என்றால் பல ஊர்களில் ஒரு கூட்டம், ஒரு படிவம், ஒரு புகைப்படத்தோடு முடிந்துவிடுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். தகவல் சொல்வது மூன்றாம் படி, கருத்துக் கேட்பது நான்காம் படி. இரண்டையும் அவர் ஒப்புக்குச் செய்யும் பங்கேற்பு என்றே சேர்த்தார். முடிவில் பங்கு கிடைப்பது ஆறாம் படியில்தான் தொடங்குகிறது. செவிலியர் இந்த ஏணியை ஒரு தாளில் வரைந்து பயிற்சிக்கு வந்தவர்களிடம் காட்டி, நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு பெண், “நாலுதான். கேட்டுட்டு வந்துடறோம், அவங்களுக்குத் திரும்ப ஒண்ணும் சொல்றதில்லையே” என்றார்.

அதிலிருந்து பிறந்த விதி: எந்த வாசலில் கேட்டோமோ அதே வாசலுக்கு, அதே ஆள், முடிவுகளோடு திரும்பிப் போக வேண்டும். நீங்கள் கேட்டது என்ன, ஊர் கேட்டது என்ன, திட்டத்தில் எது சேர்ந்தது, எது சேரவில்லை, ஏன் சேரவில்லை என்று ஒரு பக்கத் தாள். வேலை இரட்டிப்பானது. ஆனால் இரண்டாம் முறை போனபோதுதான் பலர் முகம்கொடுத்துப் பேசினார்கள். புதிய தன்னார்வலர்கள் அதிகம் கிடைத்ததும் அந்தச் சுற்றில்தான்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இருவராகப் போவது, சொந்தத் தெருவுக்குப் போகாமல் இருப்பது, பகலில் போவது, கேள்வியில் நம் விருப்பத்தை நுழைக்காமல் இருப்பது. ‘பூங்கா வேண்டுமா?’ என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? ‘இந்த இடம் திறந்தால் நீங்கள் எதற்காக உள்ளே வருவீர்கள்?’ என்று கேட்டோம். தொலைபேசி எண் கொடுத்தவர்களிடம் எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, வேலை முடிந்ததும் அழித்தோம்.

மேசையில் ஒரு மாதிரி வளாகம்

1970களில் பிரிட்டனில் டோனி கிப்சன் உருவாக்கிய ஒரு முறை உண்டு. இடத்தின் மாதிரியை அட்டையில் செய்து மக்கள் நடுவில் வைப்பார்கள். வந்தவர்கள் சீட்டுகளை எடுத்துத் தங்களுக்கு வேண்டியதை வேண்டிய இடத்தில் வைப்பார்கள். மேடை ஏறிப் பேச வேண்டியதில்லை என்பது இதன் பலம்.

முன்பின் தெரியாதவர்களிடம் பேச வராது என்ற மாணவர்தான் எங்கள் மாதிரியைச் செய்தார். நான்கு துண்டாகப் பிரித்து ஆட்டோவில் ஏற்றும் அளவு. எதையாவது தூக்கிப்போகிறேன் என்ற கணக்காளர் அதைப் பள்ளிக்கும் சந்தைக்கும் பேருந்து நிலையத்துக்கும் கொண்டுபோனார். மேசையை முழங்கால் உயரத்தில் வைத்ததால் குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வந்தவர்களுக்கும் கை எட்டியது. கழிப்பறைச் சீட்டு எல்லா இடத்திலும் முதலில் தீர்ந்துபோனது. எங்கள் குழு தானாக எழுதியிருந்த முதல் வரைவில் கழிப்பறையே இல்லை.

வியாபாரிகளோடு வந்த சிக்கல்

சந்தையில் மாதிரியை வைத்த நாளில் சுவரோர வியாபாரிகள் திரண்டு வந்தார்கள். சுவரை இடித்துத் திறந்தவெளி ஆக்கினால் தங்கள் கடை போய்விடும் என்பது அவர்கள் பயம். அது நியாயமான பயம்தான். எங்கள் தன்னார்வலர் ஒருவர், அந்தத் தெருவில் வீடு உள்ளவர், ‘நடைபாதையைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள்’ என்று சொல்லிவிட்டார். வாய்ச்சண்டை முற்றியது. மேசையை மடித்து எடுத்துவர வேண்டியதாயிற்று.

குழுவில் இரண்டு முடிவுகள் எடுத்தோம். ஒருங்கிணைப்புக் குழுவின் இடங்களில் வியாபாரிகளுக்கும் வாடகைக்காரர்களுக்கும் நிரந்தரமாக ஒரு பங்கு ஒதுக்கினோம். பாஸ்டன் நகரின் டட்லி தெருப் பகுதியில் 1984இல் தொடங்கிய மக்கள் அமைப்பு, அங்கு வாழும் வெவ்வேறு சமூகங்களுக்கு நிர்வாகக் குழுவில் சம இடம் ஒதுக்கியது எங்களுக்கு முன்மாதிரியாக இருந்தது. எண்ணிக்கையில் சிறிய தரப்பை ‘நீங்களும் வாருங்கள்’ என்று அழைத்தால் மட்டும் போதாது. உட்கார இடம் இருக்கிறது என்று முன்பே தெரிய வேண்டும்.

அடுத்தது தன்னார்வலர்களுக்கான விதி. ஒரு விஷயத்தில் சொந்த லாப நட்டம் உள்ளவர் அதைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்கலாம். ஆனால் அதற்குக் கருத்து சேகரிக்கவோ எண்ணவோ கூடாது. சண்டை போட்ட வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும், கடைக்காரருக்கும் பொருந்தும். சீட்டு எண்ணும் வேலையை இரு தரப்பும் பார்க்கத் திறந்த அரங்கில் வைத்தோம். வியாபாரிகள் மறுபடி வந்தார்கள். அவர்கள் கேட்டது, சுவர் இருக்கும் கோட்டிலேயே முகப்பை உள்பக்கமும் திறக்கும் கடை வரிசை. அது இறுதித் திட்டத்தில் இடம்பெற்றது.

மண் அறிக்கை வந்த பிறகு

ஸ்டோர் ரூம் பின்புறம் எண்ணெய் ஊறியிருந்தது, பேட்டரி அறைச் சாக்கடையோரம் ஈயம் கூடுதலாக இருந்தது. மெக்கானிக்குகள் சிவப்பில் குறித்த இரண்டு இடங்களும் இவைதான். அந்த மண்ணைத் தோண்டி அகற்றுவதும், தொட்டிகளையும் கூரையையும் எடுப்பதும் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்களிடம் போயின. காய்கறித் தோட்டம் வேண்டும் என்று பலர் கேட்டிருந்தார்கள். ஈயம் கண்ட பகுதியின் மேல் அதைப் போட வேண்டாம் என்று நிபுணர்கள் சொன்னார்கள். எந்த இடத்தில் ஏன் தோட்டம் இல்லை என்று விளக்கும் தாளோடு தன்னார்வலர்கள் மீண்டும் வாசல்களுக்குப் போனார்கள்.

அப்புறம்தான் மண்வெட்டிக்கு வேலை வந்தது. பாதுகாப்பானது என்று எழுத்தில் கிடைத்த பகுதியில் மட்டும் மரக்கன்று நடுவதும், பாதை போடுவதும், வண்ணம் பூசுவதும். உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் கேட்டருகே கால் மணி நேர விளக்கம்: கயிறு கட்டிய இடத்துக்கு அப்பால் போகக்கூடாது, மூடிய காலணி வேண்டும், முதலுதவிப் பெட்டி இங்கே, சந்தேகம் என்றால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். விளக்கம் கேட்காதவரை, அவர் யாராக இருந்தாலும், உள்ளே விடவில்லை. அந்த விளக்கத்தைச் சொல்லும் பொறுப்பை ஏற்றவர்களில் ஒருவர், முதல் ஞாயிறன்று கூரை ஷீட்டை மிதித்து உடைத்த இளைஞர்.

விளைவு

நிர்வாகம் திட்டத்தை முழுதாக ஏற்கவில்லை. சாலையோரப் பட்டை ஒன்றைத் தன்வசம் வைத்துக்கொண்டு, மீதியை நீண்டகாலக் குத்தகைக்கு ஊர் அமைப்பிடம் கொடுத்தது. பழைய கொட்டகையில் ஒன்று புதுக்கூரையோடு பொது அரங்கமானது. கடை வரிசை வந்தது. கழிப்பறையும் வந்தது. உள்ளூர் இளைஞர்களுக்கான தொழில்பயிற்சிக் கூடம் வரவில்லை. அது சாலையோரப் பட்டையில் அமைய வேண்டியிருந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். அவர்களில் பலர் விலகியதைக் குறையாகச் சொல்ல என்னால் முடியாது.

முதல் கூட்டத்தில் பெயர் எழுதியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே கடைசிவரை இருந்தார்கள். ஆனால் நடவு நாளில் வந்தவர்களில் கணிசமானோர் அந்தப் பட்டியலிலேயே இல்லாதவர்கள். வீடுவீடாகப் போனபோதும் மாதிரி மேசையிலும் சேர்ந்தவர்கள். வாடகைக்காரர்களின் பங்கு கண்கூடாகக் கூடியிருந்தது.

திறப்பு விழாவுக்குப் பிறகு வருகை சட்டென்று விழுந்தது. முதல் கோடையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் கன்றுகளில் ஒரு பகுதி பட்டுப்போனது. திறப்பதுதான் முடிவு என்று எல்லோர் மனதிலும் பதிந்திருந்தது. தண்ணீர் ஊற்றும் வேலைக்குச் சீட்டு இருந்தது, ஆனால் ‘எதோடு முடியும்’ என்ற வரி அதில் காலியாக இருந்தது.

மறுபடி செய்தால் மாறுபவை

முதல் கூட்டத்திலேயே மூன்று கேள்விப் படிவம். கூடவே, ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு மனிதக் குரல் போய்ச் சேர வேண்டும். அதற்கு எத்தனை பேர் தேவையோ அத்தனை பேர் அழைக்கத் தயாராகும்வரை பொதுக்கூட்டத்தைத் தள்ளிப்போடுவதுகூடத் தப்பில்லை.

சுத்தம் செய்யும் நாள் முதலில் வராது. பழைய கட்டடமோ பணிமனையோ இருக்கும் நிலத்தில், அங்கு வேலைசெய்தவர்களைத் தேடிப் பேசுவதே முதல் வேலையாக இருக்கும். அவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. இது ஆறப்போடும் வேலை இல்லை.

வியாபாரிகளுக்கும் வாடகைக்காரர்களுக்கும் இடம் ஒதுக்குவது சண்டைக்குப் பிறகு வந்தது. அடுத்தமுறை குழு அமைக்கும் நாளிலேயே அது நடக்கும். நிர்வாகம் எந்தப் பகுதியைத் தர மறுக்கக்கூடும் என்பதையும் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குவோம். தொழில்பயிற்சிக் கூடத்துக்காக உழைத்தவர்கள், எந்தப் பட்டையில் அது அமையாது என்று தெரிந்தே இடம் தேடியிருப்பார்கள்.

பராமரிப்பில் இரண்டு மாற்றங்களை இப்போதே செய்துவிட்டோம். தண்ணீர் ஊற்றும் வேலையைக் கன்றுக்கு ஒரு பருவம் என்று பிரித்திருக்கிறோம்: ஒரு குடும்பத்துக்கு நான்கு கன்றுகள், மழை தொடங்கும்வரை, பிறகு வேறொருவர். தினசரி கூட்டிப் பெருக்குவது, கழிப்பறை, கேட் திறந்து மூடுவது ஆகியவற்றைத் தன்னார்வலர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, கடை வரிசை வாடகையிலிருந்து சம்பளம் கொடுத்து இரண்டு பேரை வேலைக்கு வைத்திருக்கிறோம். அவர்களில் ஒருவர் முன்பு சுவரோரம் கடை வைத்திருந்தவர்.